பிள்ளைகளிட பாட்டும் டிவியும் கனதி இல்லையெண்டு தள்ளின எங்கட துறைக்கு ஒரு திறந்த மடல்

துறைத் தலைவர் சேருக்கும், ஆய்வுத் தலைப்புக் குழுவில இருக்கிற சேர்மார், மெடம்மாருக்கும்,

போன செவ்வாய்க்கிழமை நோட்டிஸ் போர்டில நீங்க ஒட்டின கடதாசிய வாசிச்சிட்டுத்தான் இத எழுதுறன். "பொழுதுபோக்குப் பாடல்கள், சிறுவர் நிகழ்ச்சிகள் சார்ந்த தலைப்புகள் இனிமேல் இறுதி வருட ஆய்வுக்கு ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது" எண்டு ரெண்டு வரி, கீழ கையெழுத்து, அவ்வளவுதான். காரணம் எண்டு ஒரு சொல் இல்ல. அதுக்கு ரெண்டு கிழமைக்கு முதல் என்ட ப்ரொபோசல் திரும்பி வந்தது, முதல் பக்கத்தில சிவப்புப் பேனையால "கனதியான தலைப்பொன்றைத் தெரிவுசெய்க" எண்டு எழுதி. என்ட ஒரு ப்ரொபோசல திருப்பினதோட விட்டிருந்தா நான் உங்கட ரூமுக்கு வந்து கதைச்சிருப்பன், சரிவராட்டி வேற டொபிக் தேடியிருப்பன். ஆனா நீங்க எனக்குப் பிறகு வாற பெச் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கதவப் பூட்டிட்டீங்க, அதாலதான் எல்லாரும் வாசிக்கிற மாதிரி எழுத வேண்டி வந்தது.

நான் கேட்டது இதுதான். எங்கட தமிழ் சேனல்கள்ல சனி ஞாயிறு போற சிறுவர் நிகழ்ச்சிகள்ல பிள்ளைகள் என்ன பாட்டுப் பாடுறாங்க, அந்தப் பாட்ட யார் தெரிவு செய்றாங்க, அது அந்த ஸ்டூடியோவுக்குள்ள எந்த வழியால வருது, இங்க கொழும்பிலயும் யாழ்ப்பாணத்திலயும் மட்டக்களப்பிலயும் மலையகத்திலயும் ஆக்கள் செய்ற தமிழ் பொப் பாட்டுக்கும் சிறுவர் பாட்டுக்கும் அந்த வழியில இடம் இருக்கா. ஆறு மாசத்தில ஒரு ஆள் செய்து முடிக்கக்கூடிய அளவுதான்.

ப்ரொபோசல உங்களுக்கு முன்னால விளங்கப்படுத்தின அண்டைக்கு மூண்டாம் மாடி செமினார் ரூமில எனக்குத் தந்தது பத்து நிமிசம், அதில ப்ரொஜெக்டர் வேலை செய்யவே நாலு நிமிசம் போயிட்டுது. மிச்ச நேரத்தில ரெண்டு கேள்வி கேட்டீங்க. ஒண்டு, பொப் பாட்டு ப்ரொமோஷன் வேற, சிறுவர் டிவி வேற, ஏன் ரெண்டையும் சேர்க்கிறீங்க எண்டு. மற்றது, "கார்ட்டூனுக்கும் பாட்டுக்கும் ஒரு டிகிரியா?" எண்டு. முதல் கேள்வி நல்ல கேள்வி, அதுக்கு நான் வாய் திறக்க முதலே அடுத்த பிள்ளைய கூப்பிட்டுட்டீங்க. ரெண்டாவது கேள்விக்கு ரூமில இருந்த எல்லாரும் சிரிச்சாங்க, அந்தச் சிரிப்போட நான் வெளிய வந்தன். இப்ப ரெண்டுக்கும் பதில் சொல்லுறன்.

போன வருசம் இன்டர்ன்ஷிப்புக்கு என்னை ஒரு தமிழ் சேனலுக்கு அனுப்பினது நீங்கதான். பேர் வேண்டாம், அங்க இருந்த ஆக்கள் எனக்கு மனசார வேலை பழக்கினாங்க, அவங்கள குறை சொல்லுறதுக்கு இத எழுதேல்ல. ஒரு சனிக்கிழமை சிறுவர் பாட்டு நிகழ்ச்சி ரெக்கோர்டிங். பிள்ளைகள காலம எட்டு மணிக்கு வரச் சொன்னது, கமரா ஓடத் தொடங்கினது பன்னிரண்டே காலுக்கு. என்ட வேலை, பிள்ளைகளிட பேர், வயசு, பாடப்போற பாட்டு மூண்டையும் லிஸ்ட் எடுக்கிறது. இன்னொரு வேலையும் இருந்தது, முன்னால மேசையில பால்மா பெக்கெட்டுகள அடுக்கி, லேபல் கமராவுக்கு நேரா வாற மாதிரி ஒவ்வொண்டா திருப்பி வைக்கிறது. அத ரெண்டு தரம் செய்ய வச்சாங்க.

வத்தளையில இருந்து ஒரு பிள்ளை வந்திருந்தா, ஏழு வயசு, அம்மம்மாவோட பஸ்ஸில வந்தது, ரெண்டு பின்னல், ஒரு பின்னலில ரிப்பன் அவிழ்ந்து தொங்குது. என்ன பாட்டு எண்டு கேட்டன். அவள்ட மியூசிக் டீச்சர் எழுதின பாட்டாம், கோயில் வாசலில கச்சான் விக்கிற ஆச்சிய பற்றி. லிஸ்ட் எழுதுற மேசைக்குப் பக்கத்திலயே நிண்டு கையால சுருள் சுத்திக் காட்டிக்கொண்டு எனக்கு முழுசா பாடிக் காட்டினா, வடிவான பாட்டு, எனக்கு இண்டைக்கும் மெட்டு ஞாபகம் இருக்கு. நான் லிஸ்டில எழுதினன். புரொடியூசர் அண்ணா லிஸ்ட பார்த்திட்டு, "தங்கச்சி, இது ஒருத்தருக்கும் தெரியாது, ட்ராக்கும் இல்ல, புதுப்படப் பாட்டு ஏதும் தெரியுமா எண்டு கேளுங்க" எண்டார். பிள்ளைக்கு ஒரு காதல் பாட்டில ரெண்டு வரி தெரியும். மிச்சத்த மேக்கப் ரூமுக்கு வெளிய கொரிடோர் நிலத்தில இருந்து, அம்மம்மாட போனில யூடியூப்ப திரும்பத் திரும்பப் போட்டு, முக்கால் மணித்தியாலம் பாடமாக்கினா. அதில கட்டில் பற்றி ஒரு வரி வருது. அந்த வரி வாற ஒவ்வொரு தரமும் அம்மம்மா போன் சத்தத்த குறைச்சா, பிள்ளை "கேக்கேல்ல அம்மம்மா, கூட்டுங்க" எண்டு சொல்லிக்கொண்டே இருந்தா.

பிறகு அவள் பாடினா, எல்லாரும் கை தட்டினாங்க, பரிசா பால்மா குடுத்தாங்க. அண்டைக்கு பாடின 11 பிள்ளைகள்ல 9 பேர் பாடினது படப் பாட்டு. அந்த லிஸ்ட் இன்னும் என்னட்ட இருக்கு. அவள்ட முதல் பாட்ட வெட்டிட்டு மேல மற்றப் பாட்ட எழுதினது என்ட கை, என்ட பேனை. இந்த ஆய்வு நான் சும்மா எடுத்த ஆய்வு இல்ல சேர்.

ரெக்கோர்டிங் முடிஞ்சு சாப்பிடேக்க புரொடியூசர் அண்ணாட்ட கேட்டன், ஏன் அண்ணா எண்டு. அவர் கோவப்படேல்ல, ஒளிவு மறைவு இல்லாம சொன்னார். இந்தியாவில ஒரு பாட்டு ரிலீஸ் ஆகிற அண்டைக்கே அதுட வீடியோ யூடியூப்பில இருக்கு, ரெண்டு நாளில கரோக்கே இருக்கு, பிள்ளைகள் ஏற்கனவே ரீல்ஸில பார்த்து ஆடிக்கொண்டிருக்கினம், ஸ்பொன்சரும் அதத்தான் கேக்கிறான். இங்கத்த சிறுவர் பாட்டொண்டுக்கு ட்ராக் செய்யவேணுமெண்டா கீபோர்டுக்கு ஒரு ஆள், மிக்சிங்குக்கு ஒரு ஆள், "எனக்கு ஒரு எபிசோடுக்குத் தாற காசில அது ஏலாது தங்கச்சி." இதுதான் நான் படிக்க நினைச்ச விசயம். அந்தப் பிள்ளைட பாட்ட நிப்பாட்டினது கெட்ட மனுசர் ஒருத்தரும் இல்ல, பாட்டு வந்து சேருற வழி அப்பிடி அமைஞ்சிருக்கு. அந்த வழிக்குப் பேர்தான் ப்ரொமோஷன். அது சிறுவர் நிகழ்ச்சிக்குள்ளால போகுது. ரெண்டையும் நான் சேர்க்கேல்ல, அது சேர்ந்துதான் இருக்கு.

அதே சேனலில ரிசெப்ஷன் மேசையில ஒரு லாச்சி இருந்தது. மட்டக்குளிப் பொடியன் ஒருத்தன், லெப்டொப்பில தானே மியூசிக் செய்து தானே எழுதிப் பாடுறவன், ஒரு என்வலப்புக்குள்ள பென் ட்ரைவ போட்டு மேல தன்ட நம்பர எழுதிக் குடுத்திட்டுப் போனான். ரிசெப்ஷன் அக்கா அந்த லாச்சிய திறந்து உள்ள போட்டா, உள்ள ஏற்கனவே பத்துப் பன்னிரண்டு என்வலப். நான் இன்டர்ன்ஷிப் முடிச்சு வாற நாள் கேட்டன், எல்லாம் அப்பிடியே தான் இருக்கு எண்டா. அந்த லாச்சிக்குள்ள என்ன இருந்தது எண்டு ஒரு ரிசேர்ச்சும் கேக்கப் போறதில்லையெண்டா, பிறகு "இலங்கைத் தமிழருக்கு எண்டு ஒரு இசை இல்ல" எண்டு மேடைகள்ல கவலைப்படுறதுக்கு என்ன அர்த்தம்?

பாட்ட ப்ரொமோட் பண்ணுறது ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிகளிட பழக்கம் எண்டு ஒரு மெடம் சொன்னீங்க. இந்தப் பக்கத்து நாடுகள்ல ஹிட் பாட்டு வரிசை எண்டது பேர் எடுத்ததே கொழும்பில இருந்துதான் மெடம். ரெண்டாம் உலக யுத்தக் காலத்தில பிரிட்டிஷ் படைகளுக்காகத் தொடங்கின ஸ்டேஷனிட பெரிய சிற்றலை ட்ரான்ஸ்மிட்டர் பிறகு ரேடியோ சிலோனுக்கு, அதாவது இலங்கை வானொலிக்கு, வந்தது, 1950ல வர்த்தக சேவை தொடங்கினது. இந்தியாவில தகவல் அமைச்சரா இருந்த கேஸ்கர் அகில இந்திய வானொலியில சினிமாப் பாட்ட வேண்டாம் எண்டு ஒதுக்கின நேரம், 1952ல இருந்து ஒரு பற்பசைக் கம்பெனிட காசில அறிவிப்பாளர் அமீன் சயானி பம்பாயில ரெக்கோர்ட் பண்ணின ஹிந்திப் பாட்டு வரிசை நிகழ்ச்சியிட டேப் பிளேனில இங்க வந்து, புதன்கிழமை இரவு எங்கட ட்ரான்ஸ்மிட்டரால முழு இந்தியாவுக்கும் கேட்டது. ரெக்கோர்ட் கடையில எது விக்குது, நேயர் மன்றங்கள் என்ன எழுதுது எண்டு பார்த்து வரிசை போட்டாங்க. தமிழ் பக்கத்தில மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் எண்ட அறிவிப்பாளர்மாரிட குரல கேக்க தமிழ்நாட்டில சனம் ரேடியோவ சுத்தி இருந்தது எண்டு எங்கட அப்பப்பா காலத்து ஆக்கள் இண்டைக்கும் சொல்லுவாங்க. சுதந்திர சதுக்கப் பக்கத்தில இருக்கிற அந்த வானொலிக் கட்டிடத்துக்கு எங்கட கம்பஸில இருந்து ஒரு பஸ் தான். ஒரு அமைச்சர் "இது தரம் இல்லாத பாட்டு" எண்டு கதவ மூடினார், சனம் அடுத்த நாட்டு ஸ்டேஷனுக்குப் போச்சுது, பிறகு 1957ல அகில இந்திய வானொலியே சினிமாப் பாட்டுப் போட விவித் பாரதி எண்டு ஒரு தனிச் சேவை தொடங்க வேண்டி வந்தது. உங்கட நோட்டிஸ பார்த்த உடன எனக்கு ஞாபகம் வந்தது அந்தக் கதைதான்.

அதே மாதிரி எங்கட பொப். அறுபது எழுபதுகள்ல நித்தி கனகரத்தினம், ஏ.ஈ.மனோகரன் இவங்க பைலா எண்ட எங்கட ஆட்டப் பாட்டிட தாளத்தில தமிழ் பாடி, "பொப் இசை" எண்ட சொல்லையே எங்கட வீடுகளுக்குள்ள கொண்டுவந்தாங்க. மனோகரன் பாடிப் பிரபலமான சுராங்கனி 1977ல இளையராஜா இசையில இந்தியத் தமிழ்ப் படத்துக்குள்ளயே போச்சுது, தமிழ்நாட்டில அவர சிலோன் மனோகர் எண்டே சொன்னாங்க. ஒரு தீவில இருந்து ஒரு பாட்டு எப்பிடிக் கடல் தாண்டினது, கசெட்டா, ரேடியோவா, மேடைக் கச்சேரியா? இத ஒழுங்கா எழுதிவைக்க அந்தக் காலத்து ஆக்கள் இருக்கேக்கயே கேக்க வேணும். மனோகரன் 2018ல காலமாகிட்டார்.

2021ல யொஹானி பாடின மெனிகே மகே ஹிதே எண்ட சிங்களப் பாட்டு என்ன செய்தது எண்டு உங்களுக்கும் தெரியும், உங்கட பிள்ளைகளும் ஆடியிருப்பாங்க. இன்னொரு ஆள் முதல் பாடின பாட்டிட கவர் அது, ஒரு ரூமுக்குள்ள எடுத்த சாதாரண வீடியோ. யூடியூப்பிலயும் ரீல்ஸிலயும் பரவி, இந்தியாவில பெரிய நடிகர் அமிதாப் பச்சன் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. எங்கட தமிழ்ப் பொடியன்மார் பெட்டைகள் ஏன் அப்பிடி ஒண்ட செய்யேல்ல எண்டு கேக்கிறவங்களுக்கு, அவங்க செய்றாங்க, அது எங்க போய் நிக்குது எண்டதத்தான் யாரும் பார்க்கேல்ல எண்டு சொல்லுவன்.

பொப் பாட்டும் பிள்ளைகளிட டிவியும் சேர்ந்தே நடக்கிறது எங்கட ஊரில மட்டும் இல்ல. அமெரிக்காவில 1969ல ஆர்ச்சீஸ் எண்ட கார்ட்டூன் பேண்ட்ட பாட்டு நம்பர் வண் ஆனது, உண்மையில அப்பிடி ஒரு பேண்டே இல்ல, படத்தில கீறின ஆக்கள். இங்கிலாந்தில சனிக்கிழமை காலம பிள்ளைகளுக்குப் போற நேரடி நிகழ்ச்சிகள்தான் பொப் குரூப்புகள் புது சிங்கிள கொண்டுவந்து காட்டுற இடமா இருந்தது, பொக்கெட் மணியில சிங்கிள் வாங்குறது அந்தப் பிள்ளைகள்தானே. 1997 டிசம்பரில டெலிடபீஸ் எண்ட சிறுவர் நிகழ்ச்சியிட பாட்டும், 2000 கிறிஸ்மஸுக்கு பொப் த பில்டர் எண்ட சிறுவர் நிகழ்ச்சியிட பாட்டும் அங்க நம்பர் வண். கொரியாவில இருந்து வந்த பேபி ஷார்க் 2022 ஜனவரியில யூடியூப்பில ஆயிரம் கோடி தரம் பார்த்த முதல் வீடியோ ஆனது, அதுவும் பிள்ளைகளிட பாட்டுத்தான். உலகத்திலேயே ஆகக் கூடப் பார்க்கிற வீடியோ ஒரு சிறுவர் பாட்டா இருக்கேக்க, ஊடகக் கற்கைத் துறை ஒண்டு அத கனதி இல்லையெண்டு சொன்னா, கனதிய எத வச்சு அளக்கிறீங்க எண்டு கேக்கிற உரிமை எனக்கு இருக்கு.

இனி எங்கட வீட்டுக் கதை. நாங்க கொட்டாஞ்சேனையில ஒரு ஃப்ளட்டில இருக்கிறம், பக்கத்து வீட்டு அக்காட மகனுக்கு நாலரை வயசு, அக்காவும் அண்ணாவும் வேலைக்குப் போற படியா பின்னேரம் எங்கட வீட்டில தான் இருப்பான். சுட்டி டிவியும் சென்னையில செய்ற சுசு டிவிட பாட்டுகளும் தான் அவன்ட உலகம். ஒரு நாள் எங்கட அம்மா தோடம்பழம் உரிச்சுக் குடுக்க, "இது ஆரஞ்சு, தோடம்பழம் இல்ல" எண்டு அம்மாவத் திருத்தினான். கதிரைய நாற்காலி எண்டுறான், சப்பாத்த ஷூ எண்டுறான், "கதைக்காத" எண்டா என்னெண்டு ஒருக்கா என்னைப் பார்த்தான், பிறகு "ஓ, பேசாதயா?" எண்டான். எனக்கு சென்னைத் தமிழில ஒரு கோவமும் இல்ல. சுட்டி டிவி 2007ல வந்ததால தான் எங்கட பிள்ளைகளுக்கு தமிழில கார்ட்டூன் எண்டு ஒண்டு ஒழுங்கா கிடைச்சது, அதுக்கு நன்றி சொல்ல வேணும். ஆனா அவன் தன்ட அம்மம்மாட சொல்ல டிவியில ஒரு நாளும் கேட்டதில்ல. டிவியில வராத சொல் பிழையான சொல் எண்டு அவன் நாலரை வயசிலயே முடிவெடுத்திட்டான். இத விட கனதியான டொபிக் எனக்குத் தெரியாது மெடம்.

நான் சின்னதில சிங்களம் பழகினது ரூபவாஹினியில டைட்டஸ் தொட்டவத்த ஐயா டப் பண்ணின கார்ட்டூன்கள பார்த்துத்தான், பிஸ்ஸு பூசா, தொஸ்தர ஹொந்த ஹித எல்லாம். அவர் 1956ல வந்த ரேகாவ படத்த எடிட் பண்ணினவர், படம் இயக்கினவர், அவ்வளவு பெரிய சினிமாக்காரர் பிள்ளைகளுக்கு டப்பிங் செய்றதில தன்ட வயசான காலத்த குடுத்தார். வெளிநாட்டுக் கார்ட்டூன எடுத்து அதுக்குள்ள சிங்களக் கிராமத்துக் கதைவழக்கையும் பாட்டையும் வச்சார், அதாலதான் அது மொழிபெயர்ப்பு மாதிரி இல்லாம அவங்கட சொந்தச் சாமான் மாதிரி ஆனது. சிங்கள மீடியத்தில படிக்கிற என்ட நண்பி ஒருத்தி வேற ஒரு கம்பஸில அவர்ட டப்பிங் பற்றியே தீசிஸ் செய்து நல்ல மார்க்ஸ் எடுத்தா. அவளிட்ட ஒருத்தரும் "கார்ட்டூனுக்கு டிகிரியா" எண்டு கேக்கேல்ல. தமிழில அப்பிடி ஒரு ஆளும் அப்பிடி ஒரு டப்பிங் யூனிட்டும் ஏன் வளரேல்ல எண்ட கேள்விக்கு பதில் தேட வேண்டியது நாங்கதானே.

"இதில மெதடொலொஜி என்ன இருக்கு" எண்டும் ஒரு குறிப்பு ப்ரொபோசலிட நாலாம் பக்கத்தில இருக்கு. 1969ல அமெரிக்காவில செசமி ஸ்ட்ரீட் எண்ட சிறுவர் டிவி நிகழ்ச்சி தொடங்க முதல், ஒவ்வொரு துண்டையும் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டி அளந்தாங்க. எட்வர்ட் பாமர் எண்ட ஆய்வாளர் டிவிக்குப் பக்கத்தில ஒரு ஸ்லைட் ப்ரொஜெக்டர வச்சு, ஏழரை செக்கனுக்கு ஒருக்கா படம் மாறுற மாதிரி செய்து, பிள்ளை எந்த இடத்தில டிவிய விட்டு ஸ்லைட்ட பார்க்குது எண்டு செக்கன் செக்கனா குறிச்சார். பிள்ளை கண்ண எடுத்த இடத்த எல்லாம் நிகழ்ச்சிக்காரர் திருத்தினாங்க. அவ்வளவு பெரிய செட்டப் எனக்குத் தேவையில்ல. ரெக்கோர்டிங் நாளில பாட்டு லிஸ்ட் எப்பிடி மாறுது எண்டு எழுதவும், புரொடியூசர்மாரோட கதைக்கவும், மூண்டு நாலு வீட்டில பிள்ளைகளோட இருந்து பார்க்கவும் ஏலும், பெற்றோரிட எழுத்து அனுமதியோட. பெற்றோருக்கான அந்த அனுமதிப் படிவம் கூட ப்ரொபோசலிட கடைசிப் பக்கத்தில இருந்தது, அத ஒருத்தரும் புரட்டிப் பார்க்கேல்ல எண்டு கடதாசிய பார்க்கவே தெரிஞ்சுது.

மற்ற நாடுகள்ல இது சட்டம் போடுற அளவுக்குப் பெரிய விசயம். சுவீடனில 1991ல இருந்து அங்கத்த டிவியில 12 வயசுக்குக் கீழ பிள்ளைகள குறிவச்சு விளம்பரம் போட ஏலாது. அமெரிக்காவில 2019ல பிள்ளைகளிட தகவல எடுத்ததுக்காக யூடியூப்புக்கும் கூகுளுக்கும் 17 கோடி டொலர் தண்டம், அதுக்குப் பிறகு 2020 ஜனவரியில இருந்து சிறுவர் வீடியோ எண்டு குறிச்சா கொமென்ட் மூடப்படும், ஆளுக்கேத்த விளம்பரம் வராது. அந்த முடிவு அமெரிக்காவில எடுத்தது, ஆனா அதால காசு குறையுறது இங்க வீட்டுக்குள்ள இருந்து தமிழ் சிறுவர் பாட்டு செய்து யூடியூப்பில போடுற ஒரு டீச்சருக்கும் தான். நான் வச்ச பால்மா பெக்கெட்டும் இந்தக் கேள்விக்குள்ளதான் வருது.

ரெண்டாவது கேள்விக்கு, அந்தச் சிரிப்புக்கு, எனக்கு ஒரு பதில்தான் இருக்கு. எங்கட பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981ல தமிழ் சினிமாவ அரசியல் தொடர்பாடல் ஊடகமா எடுத்து எழுதினார். சினிமா எண்டா கூத்தாடிகளிட விசயம் எண்டு படிச்ச ஆக்கள் நினைச்ச காலம் அது. அவர நீங்க எங்களுக்கு முதலாம் வருசத்திலேயே படிப்பிச்சீங்க, பரீட்சையில கேள்வி கேட்டீங்க, நான் அந்தக் கேள்விக்கு எழுதி மார்க்ஸும் எடுத்தன். அவர் செய்தத நாங்க பாடமாக்க வேணும், ஆனா அவர் மாதிரி எங்கட காலத்துச் சாமான நாங்க எடுத்துப் பார்க்கக்கூடாது எண்டா அது என்ன நியாயம் சேர்?

உங்களில சில பேருக்கு உண்மையாவே எங்கட பெச்சில அக்கறை இருக்கு எண்டு எனக்குத் தெரியும். லேசான டொபிக் எடுத்து ரெண்டு கிழமையில கொப்பி பேஸ்ட் பண்ணிக் குடுக்கிற பிள்ளைகள பார்த்து சலிச்சுத்தான் இந்த நோட்டிஸ போட்டிருப்பீங்க, போன வருசம் அப்பிடி நடந்ததும் எனக்குத் தெரியும். அப்பிடியெண்டா அந்த வேலைக்கு மார்க்ஸ குறையுங்க, திருப்பி எழுத வையுங்க. பத்திரிகை ஆசிரியர் தலையங்கம் பற்றியும் கொப்பி பேஸ்ட் பண்ண ஏலும், அதையும் நாங்க எல்லாரும் கண்டிருக்கிறம்.

இப்ப நான் கேக்கிறத நேரா எழுதுறன்.

அந்த நோட்டிஸ இந்த மாச முடிவுக்குள்ள கழட்டுங்க. கழட்ட ஏலாதெண்டா அதுக்குரிய காரணத்தையும், அந்த முடிவு எந்தக் கூட்டத்தில எடுத்தது எண்டதையும் எழுத்தில தாங்க, மாணவர் பிரதிநிதி ஒருத்தர் அந்தக் கூட்டத்தில இருந்தாரா எண்டதையும் சேர்த்து.

என்ட ப்ரொபோசல திரும்ப எடுங்க, இந்த முறை இருபது நிமிசம் தாங்க, கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிச்சிட்டு கேள்வி கேளுங்க. மெதடொலொஜியில பிழை இருந்தா திருத்தச் சொல்லுங்க, நான் திருத்துவன். பாட்டு எண்டதுக்காகவும் பிள்ளைகள் எண்டதுக்காகவும் மட்டும் திருப்ப வேண்டாம். எங்கட துறையில இத மேற்பார்வை செய்ய ஒருத்தரும் இல்லையெண்டா சங்கீதத் துறையில இருந்தோ சிங்கள மீடியத்தில இருந்தோ ஒரு சுப்பர்வைசர எடுக்க அனுமதி தாங்க, அவங்களில ரெண்டு பேர் ஓம் எண்டு எனக்கு வாயால சொல்லியிருக்கினம், உங்கட கடிதம் தான் தேவை.

நான் இழந்த நேரத்துக்கு ஈடா சமர்ப்பிக்கிற திகதிய ரெண்டு மாசம் தள்ளித் தாங்க. எனக்கு மட்டும் இல்ல, இந்த நோட்டிஸால டொபிக் மாத்தின எங்கட பெச்சில இன்னும் மூண்டு பேருக்கும். அதில ஒரு தங்கச்சி மலையகத்து பிள்ளைகள் ரேடியோவில கேக்கிற பாட்டு பற்றி ஒரு வருசமா குறிப்பு எடுத்தவ, இப்ப அத பெட்டிக்குள்ள போட்டு மூடிட்டா.

இலங்கை வானொலியிலயும் ரூபவாஹினியிலயும் பழைய தமிழ் சிறுவர் நிகழ்ச்சி ஒலிப்பதிவு, டேப் என்ன மிச்சம் இருக்கு எண்டு போய்ப் பார்க்க துறையிட லெட்டர்ஹெட்டில ஒரு அனுமதிக் கடிதம் தாங்க. தனிய போன மாணவிய கேட்டிலேயே திருப்பி அனுப்புவாங்க, உங்கட கையெழுத்து இருந்தா உள்ள விடுவாங்க. சிறுவர் மலர் மாதிரி நிகழ்ச்சிகளில வளர்ந்த ஆக்கள் இன்னும் கொழும்பில இருக்கினம், அவங்களோட கதைக்கவும் அந்தக் கடிதம் உதவும்.

அடுத்த வருசம் பாடத்திட்டம் திருத்தேக்க சிறுவர் ஊடகத்துக்கும் பாட்டுத் தொழிலுக்கும் ஒரு பாட அலகு வையுங்க. அதில படிப்பிக்க அந்த புரொடியூசர் அண்ணா மாதிரி ஆக்கள ஒரு நாளைக்கு கூப்பிடுங்க, மட்டக்குளிப் பொடியன் மாதிரி ஆக்களையும்.

இந்த மடலுக்குப் பதில் வாற வரைக்கும் ப்ரொபோசலிட மூண்டு கொப்பி துறை ஒபிஸில குடுத்து வச்சிருக்கிறன், வாங்கினதுக்கு சீல் அடிச்ச துண்டு என்னட்ட இருக்கு. பதில எழுத்தில எதிர்பார்க்கிறன்.

இப்படிக்கு,
இறுதி வருட மாணவி,
ஊடகக் கற்கை, கொழும்பு